நூறு மேனி, எத்தனை ஏக்கர்?

மே மாதத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் வெளியானதும் கேரளப் பத்திரிகைகளுக்கு ஒரு சொல் தவறாமல் தேவைப்படும்: 'நூறு மேனி'. விதைத்தது நூறு மடங்காக விளைந்தது என்று அர்த்தம். வயல்காட்டுச் சொல். தேர்வு எழுதிய அத்தனை பேரும் பாஸ் என்றால் அந்தப் பள்ளி நூறு மேனி கண்டுவிட்டது. மதிலில் பேனர் ஏறும். எல்லாப் பாடத்திலும் 'ஏ பிளஸ்' வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் அதில் வரிசையாகச் சிரிக்கும். வயலில் விளைச்சலைப் பற்றிப் பேசுகிறவன் எத்தனை ஏக்கர் என்றும் கேட்பான். பள்ளிக்கூட விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி விகிதம் 2005-ல் 58 சதவீதம். 2007-ல் 82, 2008-ல் 92. 2015-ல் 98-ஐ எட்டிய பிறகு ஏறுவதற்கு அதிக இடமில்லை. 2023-ல் 99.70, 2024-ல் 99.69, 2025-ல் 99.5. தமிழகத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2025-ல் 93.80 சதவீதம் என்றபோதே அமோகம் என்று பேசிக்கொண்டார்கள். மலையாளிகளுக்கு அது சராசரிக்கும் கீழே.

எல்லோரும் பாஸாகிற ஊரில் பாஸ் என்பது ஒரு செய்தியே அல்ல. எத்தனை பேர் எழுதினார்கள், அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதுதான் செய்தி. இதைப் புரிந்துகொள்ள கொச்சியின் மட்டாஞ்சேரியைவிட நல்ல இடம் கிடைக்காது. இருபது பேர் எழுதி இருபது பேரும் தேறினால் நூறு. நானூறு பேர் எழுதி மூன்று பேர் தவறினால் 99.25. பட்டியலில் முதல் பள்ளி மேலே, இரண்டாவது கீழே. அதே இருபது பேர் பள்ளியில் ஒரு பையன் காய்ச்சலில் கோட்டைவிட்டால் விகிதம் 95-க்கு விழுந்து, அந்தப் பள்ளி 'பின்தங்கியது' ஆகிவிடும். சின்னப் பள்ளிகளின் சதவீதம் ராட்டினம் மாதிரி: ஒரு பிள்ளை ஏறினால் உச்சி, ஒரு பிள்ளை இறங்கினால் பாதாளம்.

மட்டாஞ்சேரிக்குப் பள்ளிக்கூடம் புதிதல்ல. கொச்சி சமஸ்தானத்தின் முதல் ஆங்கிலப் பள்ளியை டாசன் என்ற பாதிரியார் 1818-ல் தொடங்கியது இங்கேதான். பின்னால் ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி வைத்துக்கொண்டது. கோவாவில் போர்ச்சுகீசியர் கெடுபிடிக்குத் தப்பி வந்த கொங்கணி பேசும் கவுட சாரஸ்வதர்களுக்குத் திருமலை தேவஸ்வத்தின் டி.டி. உயர்நிலைப் பள்ளி. மிளகும் சுக்கும் கொப்பரையும் வாங்கி விற்ற குஜராத்திகளுக்கு குஜராத்தி வித்யாலயம். கட்ச்சிலிருந்து வந்த மேமன்களின் பெயர் சொல்ல ஹாஜி ஈஸா ஹாஜி மூஸா நினைவுப் பள்ளி. பக்கத்திலேயே, ஃபோர்ட் கொச்சியின் வேளியில், ஆங்கிலேய மன்னர் எட்வர்டின் பெயரைத் தாங்கிய அரசுப் பள்ளி. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோருக்கும் சொந்தமானது. சில தெருக்களுக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கணி உருது, தமிழ் என்று ஆறு பாஷைகள் புழங்கும் இடம் இது. இங்கே ஒரு பள்ளியின் வருகைப் பதிவேடே சென்சஸ் மாதிரிதான்.

இந்தப் பள்ளிகளை எழுப்பியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று அங்கே படிப்பதில்லை. மட்டாஞ்சேரியிலேயே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். துறைமுகம் வெல்லிங்டன் தீவுக்குப் போயிற்று. 2011-ல் கன்டெய்னர் வல்லார்பாடத்துக்குப் போயிற்று. மிளகு முன்பேர வர்த்தகம் யூதத்தெருக் கூடத்திலிருந்து கம்ப்யூட்டர் திரைக்கு மாறியது. கிடங்குகள் பழம்பொருள் கடைகளாகவும், 2012-க்குப் பிறகு பினாலே கண்காட்சிக் கூடங்களாகவும் ஆயின. வியாபாரம் போன திசையில் குடும்பங்களும் போயின. 1967-ல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி மூன்றையும் சேர்த்துக் கொச்சி மாநகராட்சி உருவானது. அதன் ஜனத்தொகை 2001-ல் 5.96 லட்சம், 2011-ல் 6.02 லட்சம். சுற்றியிருக்கும் புறநகர்கள் புற்றாகப் பெருகிய பத்தாண்டில், நகரம் இருந்த இடத்திலேயே நின்றது. மூப்பு ஏறுகிற ஊரில் மொத்த எண்ணிக்கை அசையாமல் இருக்கும்போதே பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்துகொண்டிருக்கும்.

இந்தக் கதையின் கடைசிக் கட்டம் எப்படியிருக்கும் என்று யூதத்தெருவே காட்டிவிட்டது. 1948-க்குப் பிறகு இஸ்ரேலுக்குக் கப்பலேறத் தொடங்கிய சமூகம் அது. 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவா மறைந்தபோது அங்கிருந்த பரதேசி யூதர்களில் ஒருவரே மிஞ்சினார் என்று செய்திகள் கூறின. 1568-ல் கட்டிய ஜெபாலயத்தைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. பிரார்த்தனைக்கு வேண்டிய பத்து ஆண்கள் இல்லை. சமூகம் கரைந்த பிறகும் கட்டடம் நிற்கும். ஜெபாலயம் காட்சிக்கூடமாக நிற்கலாம். பள்ளிக்கூடம் அப்படி நிற்க முடியாது.

வேளியின் தோபிகானாவுக்குப் போனால் தமிழர்களுக்கு இந்த விஷயம் இன்னும் நெருக்கமாகத் தெரியும். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த சலவைக்கூடத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு தடுப்பு, ஒரு தொட்டி, ஒரு கல். பின்னால் இருக்கும் மைதானத்தில் முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி உலர்த்துவார்கள், கிளிப் கிடையாது. பருத்திக்குக் கஞ்சி, கரியடுப்பு இஸ்திரிப் பெட்டி. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் கல்லுக்கு முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். இளையவர்களைக் காணோம். அவர்கள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த வயதானவர்கள் இதைக் குறையாகச் சொல்வதில்லை. பிள்ளையின் கை இந்தத் தண்ணீரில் ஊறக்கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் வாழ்நாள் முழுக்க ஊறினார்கள். முன்னூறு வருஷமாகத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன கல், பள்ளிக்கூடம் வந்தபின் ஓரிரு தலைமுறையில் கைமாறாமல் நின்றுவிட்டது. ஒரு பள்ளி சாதிக்கக்கூடிய காரியம் இதைவிட வேறென்ன இருக்கிறது? தேர்ச்சிப் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாதனைதான் பள்ளியைக் காலி செய்கிறது. படித்தவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள். போகாதவர்களும் தங்கள் பிள்ளையை சி.பி.எஸ்.இ. பள்ளியின் மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். படித்த பெண்கள் ஒன்றோ இரண்டோ போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே சமயத்தில்தான் கேரளத்தில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி இரண்டுக்கு இறங்கியது. இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவர்கள் அன்று குறைவு. 2014-ல் கேரளத்தில் பிறந்த குழந்தைகள் 5.34 லட்சம். 2021-ல் 4.19 லட்சம். 2023-ல் நாலு லட்சத்துக்கும் கீழே. 2014-ல் பிறந்தவர்கள் ஒன்றாம் வகுப்பில் நிரப்பிய பெஞ்சுகளில் நாலில் ஒன்று 2029 வாக்கில் காலியாக இருக்கும். வாத்தியார் சரியாகப் பாடம் நடத்தாததால் அல்ல, பிள்ளையே பிறக்காததால். தாய்மார்களைப் படிக்க வைத்த பள்ளிகளே இப்போது பிள்ளைகளைத் தேடி அலைகின்றன.

கல்வித் துறையின் அகராதியில் இதற்கு வேறு பெயர். வகுப்புக்குச் சராசரியாக 15 பிள்ளைகள் இல்லாத பள்ளி 'அனாதாயகரம்'. ஆதாயம் இல்லாதது என்று பொருள். தமிழ்க் காதுக்கு அனாதை என்று கேட்பதும் பொருத்தம்தான். கேரளத்தின் ஏறத்தாழ 13,000 பள்ளிகளில் 7,000-க்கும் மேற்பட்டவை அரசு உதவி பெறுபவை: கட்டடமும் நியமனமும் நிர்வாகியுடையது, சம்பளம் அரசுடையது. 1957-ல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அரசின் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டச்சேரி கொண்டுவந்த சட்டம் இந்த ஏற்பாட்டை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. 1959-ல் அந்த அரசே போனதில் அந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. அதே சட்டத்தில், ஒரு வருஷம் முன்னறிவிப்புக் கொடுத்தால் நிர்வாகி பள்ளியை மூடலாம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. நிலத்துக்கு விலையில்லாத நாளில் அது யார் கண்ணிலும் படவில்லை. கோழிக்கோட்டு மலாப்பறம்பில் ஒரு நூற்றாண்டைக் கடந்த நடுநிலைப் பள்ளி, 2014 ஏப்ரலில் ஓர் இரவில் தரைமட்டமானது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி மறுபடி கட்டினார்கள், வழக்கு நடந்தது, 2016-ல் அதையும் அதைப்போன்ற வேறு மூன்று பள்ளிகளையும் அரசே எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் ஒரு பழைய கட்டடத்தை விடுதியாக்கினால் என்ன வருமானம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆதாயம் என்ற சொல்லை அளவுகோலாக வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது ஆபத்தான வேலை.

போனவர்கள் போக, இருப்பவர்கள் யார்? முதலாவது, போக வசதியில்லாதவர்கள். துருத்தியிலும் சுற்றியுள்ள காலனிகளிலும் ஒரே அறையில் மூன்று தலைமுறை ஒண்டிக் கிடந்த குடும்பங்கள். அவர்களில் ஏறத்தாழ நானூறு குடும்பங்களுக்கு 2025-ல் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அரசுப் பள்ளிகளுக்கு இது சின்ன நிம்மதி, பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள். இரண்டாவது, புதிதாக வந்தவர்கள். 2013-ல் குலாட்டி நிதியியல் நிறுவனம் நடத்திய ஆய்வு கேரளத்தில் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக மதிப்பிட்டது. தனியாக வந்தவர்கள் பிறகு குடும்பத்தோடு வரத் தொடங்கினார்கள். அசாம், வங்காளம், ஒடிசா, பீகார். இவர்களுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர்கள் தமிழர்கள்; வெல்லிங்டன் தீவின் வாத்துருத்தியில் இன்னும் இருக்கிறார்கள். மட்டாஞ்சேரி வந்தேறிகளால் ஆன ஊர். மிளகு வியாபாரிக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் பாஷை வேறாகவே இருந்தது. ஒரு வித்தியாசம்: அந்த நாளில் வந்தவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள், இப்போது வருகிறவர்கள் காலியாகும் பள்ளிக்கூடத்தை நிரப்புகிறார்கள்.

வீட்டில் வங்காளம் பேசுகிற பெண் குழந்தை நாலாம் வகுப்பில் மலையாளத்துக்கு முன்னால் உட்காருகிறது. அதற்கு எழுத்துக் கூட்டத் தெரியாதது மந்தம் அல்ல. அது பேசாத பாஷை. எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. இந்தியும் வங்காளமும் ஒடியாவும் தெரிந்த தொண்டர்களைப் பள்ளிக்கு அனுப்பி, காலையில் வழக்கமான வகுப்பு தொடங்கும் முன் பிள்ளையின் பாஷையிலிருந்து மலையாளத்துக்குப் பாலம் போட்டது. பெரிய செலவு இல்லை. ஆனால் மாவட்ட நிர்வாகத்தின் ஆர்வத்தையும் பொதுத்துறை நிறுவனங்கள் தரும் பணத்தையும் நம்பியிருக்கிற ஏற்பாடு. ஆசிரியர் பணியிடம் மாதிரி நிலையானது அல்ல.

இந்தப் பிள்ளைகளுக்கு 99.5 சதவீதம் எதைச் சொல்கிறது? அந்த எண் எப்படி உருவானது என்று பார்த்தால் தெரியும். 2025 தேர்வு வரை இருந்த ஏற்பாட்டில், நூறு மதிப்பெண் பாடத்தில் 80 எழுத்துத் தேர்வுக்கு. 20 பள்ளியிலேயே போடும் தொடர் மதிப்பீட்டுக்கு. இரண்டையும் கூட்டி 30 வந்தால் தேர்ச்சி. பள்ளியில் 20-க்கு 20 போட்டுவிட்டால், தேர்வுத் தாளில் 80-க்கு 10 எடுத்தவரும் பாஸ். எந்த ஆசிரியர் தன் மாணவனுக்கு அந்த இருபதைக் குறைப்பார்? குறைத்தால் பள்ளியின் நூறு மேனி போகும். அது போனால் அடுத்த ஜூனில் சேர்க்கை போகும். சேர்க்கை போனால் அவருடைய வேலை போகும். ஆசிரியரைக் குற்றம் சொல்வது சுலபம். எண்ணை வைத்துப் பயமுறுத்தினால் எண்தான் வளரும்.

2023 டிசம்பரில் ஒரு பயிலரங்கில் மாநிலத்தின் பொதுக் கல்வி இயக்குநரே, தன் பதிவு எண்ணைக்கூடச் சரியாகப் படிக்கத் தெரியாதவர்களும் ஏ பிளஸ் வாங்குவதாக மனம் நொந்து பேசியது வெளியே கசிந்து பரபரப்பானது. அது அரசின் கருத்தல்ல என்று அமைச்சர் உடனே விலகிக்கொண்டார். ஆனால் அடுத்த ஆண்டே அரசு, எழுத்துத் தேர்வில் தனியாக 30 சதவீதம் எடுத்தாக வேண்டும் என்ற விதியை எட்டாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கொண்டுவரத் தீர்மானித்தது. 2025 ஏப்ரலில் முதல் முடிவு வந்தது. எட்டாம் வகுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஏதாவது ஒரு பாடத்தில் அந்த 30-ஐத் தொடவில்லை. பத்தாம் வகுப்பு வாசலில் ஆயிரத்தில் ஐந்து பேர் மட்டுமே தவறுகிறார்கள். இரண்டு வகுப்பு கீழே ஐந்தில் ஒருவர் தடுமாறுகிறார். பின்தங்கியவர்களைத் தோல்வி என்று ஒதுக்காமல், விடுமுறையில் துணை வகுப்பு வைத்து மறுதேர்வு நடத்தியது நல்ல காரியம். நூறு மேனியைவிட அந்த ஐந்தில் ஒரு பங்கு உபயோகமான எண். எந்தப் பிள்ளைக்கு எங்கே உதவி தேவை என்று அது சொல்கிறது.

தமிழகத்துக்கு இது அடுத்த வீட்டுக் கதையல்ல. குழந்தைப் பிறப்பில் தமிழகமும் கேரளமும் இன்று ஒரே படியில் நிற்கின்றன. 2019-லேயே ஒரு மாணவரும் சேராத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஜப்பானில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் பள்ளிகளை மூடுகிறார்கள். திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பீகார்க் குழந்தைகள் தமிழ் அரிச்சுவடிக்கு முன்னால் உட்காரத் தொடங்கியாகிவிட்டது. மட்டாஞ்சேரிக்கு வந்த கேள்விகள் அங்கேயும் அதே வரிசையில் வரும்: முதலில் பெஞ்சு காலியாகும், பிறகு பாஷை மாறும், கடைசியில் ஒரு கோப்பில் 'ஆதாயம் இல்லை' என்று எழுதப்படும்.

செய்யக்கூடியது என்ன? சதவீதத்தோடு தலைக்கணக்கையும் வெளியிடலாம்: ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை, பத்தில் எழுதியவர் எத்தனை, நடுவில் டி.சி. வாங்கிப் போனவர் எங்கே. பெற்றோருக்கு வேறு பாஷை உள்ள பிள்ளைகள் இத்தனை என்று ஒரு பத்தி சேர்க்கலாம். நாலாம் வகுப்பில் நடுவில் வந்து சேர்ந்த பெண் ஏழாம் வகுப்பில் தடையில்லாமல் வாசிக்கிறாள் என்றால், அந்தப் பள்ளி எத்தனை பேரைப் பாஸ் செய்தது என்று பார்க்க அவசியமில்லை. பதினைந்து என்ற கோட்டையும் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றாகப் போடாமல், வகுப்பில் எத்தனை பாஷை இருக்கிறது என்று பார்த்துப் போடலாம். ஐந்து பாஷை பேசும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் அதிகம் என்று சொல்பவர், ஒரு நாள் அந்த வகுப்பை நடத்திப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இப்போதைக்குக் கணக்கு வேறு விதமாக நடக்கிறது. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலைகளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து அந்த வருஷத்துக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயம். ஆதார் எண் சரியாக இல்லாத பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காததற்கு எதிராக 2025-ல் ஆசிரியர் சங்கங்கள் குரல் எழுப்பின. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் மட்டாஞ்சேரி ஆசிரியர்கள் சந்து சந்தாக ஏறி இறங்குவார்கள். பையும் குடையும் தருவதாகச் சொல்வார்கள், ஆட்டோ ஏற்பாடு செய்வார்கள், தங்கள் சொந்தச் சம்பளத்தில். ஊருக்குப் போன அசாம் குடும்பம் ரயிலில் இடம் கிடைத்துத் திரும்ப ஜூன் நடுவாகிவிடும். ஏழாவது நாள் வருகிற அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சேர்த்துக்கொள்வார்கள், சோறும் போடுவார்கள், பாடமும் நடத்துவார்கள். ஆசிரியர் கணக்கில் மட்டும் அவள் அந்த வருஷம் முழுவதும் இல்லை.